முதலில் 40-ஐப் பாருங்கள்: தோட்ட ரயில் ஓட்டத் தொடங்குவோருக்கு

தோட்டத்தில் ஓடும் பெரிய மாதிரி ரயில் தடம் புரண்டால், புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் தண்டவாளத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். ஜல்லியைக் கிளறுகிறார்கள், வளைவைப் பிரித்து மறுபடி பூட்டுகிறார்கள். வண்டி அதே இடத்தில் மறுபடியும் விழுகிறது. அடுத்த சந்தேகம் மோட்டார் மேல் போகிறது. அச்சையும் சக்கரத்தையும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

நான் ரயில்வே பணிமனையில் வீல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீட்டர் கேஜ் சக்கரங்களோடு பழகியவன் என்பதால் தோட்ட ரயிலின் 45 மில்லிமீட்டர் பாதை எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஜெர்மனியின் லேமான் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. ரயில்களைக் கொண்டுவந்தபோது, மீட்டர் கேஜ் வண்டிகளை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. மீட்டர் கேஜின் ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 45 மி.மீ. பாதை அதற்குப் பொருந்தியது. நம் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதை இந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1:22.5-இல் செய்தால் கணக்கு ஒத்து வரும்.

ஆனால் இதே பாதையில் 1:32, 1:29, 1:20.3 என்று வேறு வேறு அளவு வண்டிகளும் ஓடுகின்றன. பாதை ஒன்று, சக்கரம் செய்கிறவர்கள் பலர். சக்கரத்தின் உள்விளிம்பான பிளாஞ்சை ஒருவர் ஆழமாக வைக்கிறார், இன்னொருவர் மெலிதாக வைக்கிறார். நான்கு கம்பெனி வண்டிகளைச் சேர்த்துக் கோத்து ஓட்டுகிறவர்களுக்கு இதனால்தான் அதிகத் தொல்லை. அவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை முதலில் அளந்து பாருங்கள். பேக் டு பேக் என்று இதைச் சொல்வார்கள். பணிமனையில் இதற்கு வீல் கேஜ் என்று பெயர். மீட்டர் கேஜில் 930 மி.மீ., அகலப் பாதையில் 1600 மி.மீ. 45 மி.மீ. மாதிரி ரயிலில் பொதுவான அளவு 40 மி.மீ. நிஜ ரயிலின் அளவை ஒட்டி மெலிதாகச் செய்த நுண்ணளவுச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் சங்கத்தின் அட்டவணையைப் பின்பற்றட்டும். கடையில் வாங்கிய சாதாரண 45 மி.மீ. வண்டி என்றால் 40-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு தப்பினால் நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. பாதை பிரியும் பாயின்ட்டில்தான் தெரியும். பாதைகள் வெட்டிக்கொள்ளும் மூக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு காவல் தண்டவாளம் இருக்கும். எதிர்ச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்து, இந்தப் பக்கப் பிளாஞ்சு மூக்கில் மோதாமல் காப்பது அதன் வேலை. சக்கரங்கள் தேவைக்கு மேல் விலகியிருந்தால் அந்த இழுப்புப் போதாது. பிளாஞ்சு நேராக மூக்கில் இடித்துத் தப்பான பாதைக்குள் நுழையும். நெருங்கியிருந்தால், சக்கரங்களின் முதுகுகள் காவல் தண்டவாளத்தையும் மூக்குப் பக்கத்து இறக்கைத் தண்டவாளத்தையும் இறுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஆகவே பாயின்ட்டில் வண்டி துள்ளி ஏறினால் நெருக்கம், மூக்கில் இடித்து நின்றால் விலகல் என்று முதலில் ஊகித்துக்கொண்டு வெர்னியரை எடுங்கள். என் அனுபவத்தில் நெருக்கம்தான் அதிகம்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றானால், தூரத்தை மட்டும் திருத்தினால் போதும். மூன்றும் வேறு வேறாக வந்தால் சக்கரம் அச்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது அச்சு வளைந்திருக்கிறது. அந்த நிலையில் தூரத்தை மாற்றிப் பயனில்லை.

2. சக்கரத்தைத் தனிப் பொருளாக எண்ணாதீர்கள். இரண்டு சக்கரமும் ஓர் அச்சும் இறுகிச் சேர்ந்தது ஓர் உறுப்பு. காரில் இருப்பது போல வளைவில் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இங்கே கிடையாது. அப்படியானால் ரயில் எப்படி வளைகிறது? காப்பி டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அது வட்டம் போடும். ரயில் சக்கரத்தின் ஓடுமுகத்திலும் அப்படி ஒரு சரிவு உண்டு. நிஜ ரயிலில் 20-க்கு 1, நல்ல மாதிரிச் சக்கரத்தில் ஏறத்தாழ 3 டிகிரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உள் சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருளும்.

அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய வளைவு 600 மி.மீ. ஆரம். அதில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் நீளம். இந்த வித்தியாசத்தைச் சக்கரச் சரிவு ஈடுகட்ட முடியாது. மீதியைச் சக்கரம் சறுக்கியும் பிளாஞ்சு உரசியும்தான் தீர்க்க வேண்டும். சிறிய வளைவில் பிளாஞ்சு தேய்கிறது, எஞ்சின் திணறுகிறது என்றால் காரணம் இதுவே. இடம் இருந்தால் 1,200 மி.மீ. ஆரத்துக்குப் போய்விடுங்கள். சக்கரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.

3. கருவிகளுக்கு அதிகச் செலவு வேண்டாம். ஒரு வெர்னியர், 40 மி.மீ. அளவுக்குச் சரியாக அறுத்த பித்தளை அல்லது அலுமினியக் கட்டை, சக்கரம் கழற்றும் புல்லர், சின்ன வைஸ், மல்டிமீட்டர், தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று. சுத்தியல் இந்தப் பட்டியலில் இல்லை.

4. சக்கரத்தை நகர்த்தும்போது எங்கே தாங்குகிறோம், எங்கே அழுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் குடத்துக்குப் பின்னால் தாங்கி, அச்சின் முனையில் அழுத்துங்கள். விளிம்பைப் பிடித்து நெம்பினால் ஆரக்கால் முறியும், முறியாவிட்டால் சக்கரம் கோணும். வைஸின் தாடைகளுக்கு மரமோ அலுமினியத் தகடோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அழுத்தாமல், கொஞ்சம் நகர்த்தி, கட்டையை நுழைத்துப் பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். கடைசியில் இரண்டு சக்கரமும் அச்சின் முனைகளிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தும் ஜோடி முழுதும் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அச்சுகளைத் தாங்கும் சட்டமான போகி கோணலாகவே ஓடும்.

பணிமனையில் சக்கரத்தை அச்சில் ஏற்றுவது ஹைட்ராலிக் பிரஸ்ஸில். ஏறும்போது அழுத்தம் எப்படி உயர்ந்தது என்று வரைபடம் பதிவாகும். மிகக் குறைந்த அழுத்தத்தில் ஏறிய சக்கரத்தை ஏற்க மாட்டார்கள். சுலபமாக ஏறியது ஓட்டத்தில் சுலபமாக நழுவும். உங்களிடம் வரைபடம் இல்லை, கை இருக்கிறது. விரலால் தள்ளினாலே சக்கரம் நகர்ந்தால், அதை 40-க்கு வைத்துவிட்டுப் பாதையில் விடாதீர்கள்.

5. நழுவும் சக்கரத்துக்குப் பசை போடலாம், பசை எது என்பது முக்கியம். லாக்டைட் வகைப் பொருத்துப் பசை, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் காற்றுப் புகாத இடத்தில் இறுகுவது. அதை ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் படவிட்டால் சில நாளில் வெடிப்பு ஓடும். நம் சக்கரங்கள் பலவற்றில் உலோகச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. அங்கே அச்சைச் சற்றே சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, எபாக்சி போடுவது நல்லது. புஷ் தளர்ந்து வெடித்திருந்தால் எதையும் போடாதீர்கள், ஜோடியையே மாற்றுங்கள்.

ஒட்டி முடித்ததும் குடத்துக்கும் அச்சுக்கும் குறுக்கே மெல்லிய வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று இழுத்து வையுங்கள். கோடு உடைந்து விலகினால் சக்கரம் அச்சில் சுழன்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

சில எஞ்சின்களில் சக்கரம் கூம்பு முனை அச்சில் உட்கார்ந்து திருகாணியால் நிற்கும். அங்கே கூம்பும் துளையும் எண்ணெய் இல்லாமல் உலர்ந்து இருக்க வேண்டும். பிடிப்பு அந்தக் கூம்பில்தான். திருகாணி இறுக்கி வைக்க மட்டுமே.

6. ஆட்டம் இரண்டு வகை. எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் சக்கரம் இடம் வலமாக அசைவது ஒன்று; பக்கவாட்டில் பார்த்தால் வண்டி மேலும் கீழுமாகக் குதிப்பது இன்னொன்று. முதல் வகைக்குக் காரணம் சாய்ந்த சக்கரம் அல்லது வளைந்த அச்சு. அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரிந்து மறையும். வளைந்த அச்சை நிமிர்த்த முயல வேண்டாம், புது அச்சு மலிவு. இரண்டாம் வகையில் துளை நடுவில் இல்லாமல் போட்டிருப்பார்கள், அல்லது ஓடுமுகத்தில் அழுக்குக் கட்டி நிற்கும், அல்லது ரப்பர் டயர் போட்ட சக்கரத்தில் ரப்பர் தன் பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கும். அழுக்கும் ரப்பரும் நிமிட வேலை. நடுத்துளை பிசகியிருந்தால் மருந்து கிடையாது.

7. இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தின் இரு முனைகள். ஆகவே ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடக் கூடாது. பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகம் போடுகிறவர்கள் பாதையில் வைக்கும் முன்பு மல்டிமீட்டரால் சக்கரத்துக்குச் சக்கரம் பாருங்கள். சில ஜோடிகளில் ஒரு பக்கம் மட்டும் காப்பு இருக்கும். உலோகப் போகியில் இப்படிப்பட்ட ஜோடிகளைப் போடும்போது காப்புள்ள பக்கத்தை எல்லா அச்சிலும் ஒரே பக்கமாக வையுங்கள். மாற்றி வைத்தால் போகியின் உடல் வழியே ஷார்ட் ஆகும்.

8. சக்கரம் சரியாக இருந்தும் வண்டி விழுகிறதா? போகியைப் பாருங்கள். தோட்டத்துப் பாதை மேசைப் பாதை போல மட்டமாக இருக்காது. மழைக்கு இறங்கும், வேர் தூக்கும். நான்கு மூலையும் விறைத்து நிற்கும் வண்டி, பள்ளத்தில் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். ஒரு போகியின் திருகாணியை, திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்குங்கள். மற்றதை, இடமும் வலமுமாகச் சாயும்படி தளர்த்திவிடுங்கள். வண்டி மூன்று புள்ளியில் நிற்கும், எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தில் படியும். அச்சுக்கும் போகிச் சட்டத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் போல அசைவு இருக்க வேண்டும். விரலால் சுண்டிவிட்டால் சக்கரம் சற்று நேரம் தானே சுற்றி மெல்ல நிற்க வேண்டும், சடக்கென்று நிற்கக் கூடாது.

9. நீராவி எஞ்சின் உருவில் இருப்பவற்றுக்கு இன்னொரு பாடம் உண்டு. அதை அறியாமல் இணைப்புத் தண்டைத் தொடாதீர்கள். ஓர் அச்சின் இடப்பக்கத்தில் தண்டு மாட்டும் கிராங்கு ஊசியும் வலப்பக்க ஊசியும் 90 டிகிரி வித்தியாசத்தில் இருக்கும். நிஜ எஞ்சினில் ஒரு பக்கப் பிஸ்டன் முனையில் நின்று தள்ள முடியாதிருக்கும் கணத்தில் மற்றப் பக்கம் முழு பலத்தோடு தள்ள வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மாதிரியில் தள்ளுவது மோட்டார். அதனால் கோணம் 90-க்கு ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் குற்றமில்லை. எல்லா அச்சிலும் அது ஒரே கோணமாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஓர் அச்சில் ஒரு சக்கரம் சற்றே நழுவினாலும், தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிடிக்கும். வண்டி நொண்டி நொண்டிப் போகும்.

அப்போது தண்டின் துளையைப் பெரிதாக்கிவிடலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். துளை பெருத்த தண்டு கிடுகிடுவென்று ஆடும், ஊசியும் தேயும், பிழை அப்படியே உள்ளே இருக்கும். தண்டுகளைக் கழற்றுங்கள். எஞ்சினை நேர்ப்பாதையில் வைத்து, ஒரு பக்கத்து ஊசிகள் எல்லாம் நேர் கீழே வரும்படி சக்கரங்களைத் திருப்புங்கள். எல்லா அச்சும் பல்சக்கரத்தால் பிணைந்திருந்தால் மோட்டாரையும் விடுவிக்க வேண்டியிருக்கும். இப்போது மறுபக்கம் போய்ப் பாருங்கள். ஊசிகள் எல்லாம் ஒரே திசை காட்ட வேண்டும். விலகி நிற்கும் ஒன்றுதான் குற்றவாளி. ஒரு சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதன் ஜோடியை மட்டும் திருகி ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு தண்டாகப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு கையால் தள்ளிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் கடைசியாகப் பூட்டியதில்தான் கோளாறு.

அச்சு முனையைத் தட்டையாகவோ பள்ளம் வெட்டியோ செய்து, சக்கரம் ஒரே நிலையில்தான் உட்காரும்படி அமைத்த எஞ்சின்களும் உண்டு. அவற்றில் கோணம் மாறிவிட்டது என்றால் பிளாஸ்டிக் குடம் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். புதுச் சக்கரம் வாங்குவதுதான் வழி. நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. நீலகிரிக்கு நீராவி எஞ்சின் கட்டும் திருச்சிப் பொன்மலைப் பணிமனையிலும் கிராங்குக் கோணத்துக்குக் காட்டுகிற பொறுமையை வேறெதற்கும் காட்ட மாட்டார்கள் என்பேன்.

10. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை 'டக்' என்று ஓசை வந்தால், அச்சின் பல்சக்கரம் பிளந்திருக்கிறது என்று எண்ணிப் பிரியுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் துளை சற்றுச் சிறியது, எஃகு அச்சு சற்றுப் பெரியது. அழுத்தி ஏற்றிய நாளிலிருந்து பிளாஸ்டிக் இழுவிசையில் நிற்கிறது. ஆண்டுகள் போனால், ஓட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாலும், இரண்டு பற்களின் நடுவே மயிரிழை போல விரியும். அந்த இடத்தில் பற்களின் இடைவெளி கூடுவதால்தான் டக். பிறகு அச்சைப் பிடிக்காமல் பல்சக்கரம் மட்டும் சுழலும், எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமும்.

சூப்பர் குளூ போட்டுப் பார்க்காதவர் கிடையாது. நைலானும் அசெட்டாலும் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. அதே பிளாஸ்டிக்கில் அதே அளவில் வாங்கிப் போட்டால் சில ஆண்டில் அதே கதை. குடத்தின் மேல் இறுக்கமான பித்தளை வளையம் போட்டு விரியாமல் கட்டுவது ஒரு வழி. பித்தளைக் குடம் வைத்த மாற்றுப் பல்சக்கரம் கிடைத்தால் அதைவிட நல்ல வழி. அச்சில் வரிவரியாகச் சொரசொரப்பு வெட்டியிருந்தால், புதியதை ஏற்றும் முன் மெல்லிய அரத்தால் கூர்மையைக் குறையுங்கள். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்பு அதை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காதால் கேளுங்கள்.

11. பிளாஸ்டிக் சக்கரத்தை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ஓடுமுகம் கறுப்புப் பிசுக்கைச் சேர்த்துக்கொண்டு பாதை முழுதும் பூசும். உலோகச் சக்கரம் அந்த அளவு அழுக்கு எடுப்பதில்லை. எடையும் அடியில் சேர்வதால் வண்டி அழுந்தி ஓடும். முழு வண்டித் தொடரையும் ஒரே நாளில் மாற்றப் பணம் இல்லையென்றால் எஞ்சினை அடுத்த வண்டிகளில் தொடங்குங்கள். வளைவில் உள்பக்கம் இழுபட்டு விழுவது பெரும்பாலும் முன்னால் இருக்கும் இலேசான வண்டிதான்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழந்துணியும் போதும். தின்னர், பெட்ரோல் பிளாஸ்டிக்கைத் தின்னும். கம்பித் தூரிகை நிக்கல் பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சுப் போய்ப் பித்தளை மஞ்சள் தெரிந்தால் அந்தச் சக்கரம் இனி அடிக்கடி அழுக்காகும், தீப்பொறியும் விடும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காலம் தள்ளாமல் மாற்றுங்கள்.

12. எண்ணெய் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணெயை ஊசி முனையால் அச்சின் முனைக்கு மட்டும் கொடுங்கள். மிஞ்சினால் அது சக்கரத்து முகத்தில் வழிந்து தண்டவாளத்தில் ஏறும், ஏற்றத்தில் எஞ்சின் சறுக்கும், மண்ணும் ஒட்டும்.

13. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் பக்கம் வையுங்கள். எந்த அச்சில் என்ன அளவு இருந்தது, எப்போது திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். வண்டியின் அடியில் பென்சிலால் அச்சுகளுக்கு எண் போட்டால் குழப்பம் வராது. ஆறு மாதம் கழித்து அளக்கும்போது எந்த ஜோடி நகர்கிறது, எது நிற்கிறது என்று நோட்டே சொல்லும். நகர்கிற ஜோடியை இரண்டாம் முறை திருத்துங்கள், மூன்றாம் முறை தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்து முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் இருக்கிற வண்டிகளை எல்லாம் மேசை மேல் கவிழ்த்து வைத்து, 40 மி.மீ. கட்டையை ஒவ்வோர் அச்சிலும் நுழைத்துப் பாருங்கள். நுழையாததையும் தளர்வாக ஆடுவதையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் பாதையில் ஓட்டுங்கள்.